கால் இல்லாத காட்டெருமை

மாசிலாமணிக்கு நாற்பத்தேழாவது வயதில் ஒரு குரு வாய்த்தார். குருவுக்கு வயது முப்பத்தாறு. ஒரு பூனைகூட ஒழுங்காக வரையத் தெரியாதவர்.

இதைக் கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும். மாசிலாமணி ஓவியர். இருபது வருஷம் சுவர் சுவராக வரைந்தவர். நீலகிரியில் பாதி அங்கன்வாடிகளில் கேரட் தின்னும் முயலும் பந்து உருட்டும் யானையும் அவர் கைவேலைதான். அப்படிப்பட்டவர் தும்பைமட்டம் தொடக்கப் பள்ளிக்குப் பகுதிநேர ஓவிய ஆசிரியராக வந்தார். வந்த இரண்டாவது வாரமே தலைமை ஆசிரியை பொற்கொடி முன்னால் போய் நின்றார்.

"டீச்சர், எனக்கு வரையத் தெரியும். சொல்லிக்கொடுக்கத் தெரியல. நான் போர்டுல வரையறேன், பிள்ளைங்க வாயைப் பொளந்து பார்க்குது. அதோட சரி. உங்க வகுப்புல மட்டும் எல்லாம் தானா எழுந்து வேலை பார்க்குது. எனக்குக் கத்துக்கொடுங்க."

பொற்கொடி டீச்சர் வருகைப் பதிவேட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"ஒண்ணே ஒண்ணு சார். பிள்ளைங்க தாள்ல நீங்க கை வைக்கக் கூடாது."

"ஏன்?"

"வச்சீங்கன்னா சொல்றேன்."

மாசிலாமணி சரி என்றார். சரி என்று சொல்வதில் என்ன கஷ்டம்?

ஜனவரி பிறந்தது. காலையில் புல்லெல்லாம் வெள்ளை வெளேரென்று உறைந்து கிடந்தது. பிள்ளைகள் ஸ்வெட்டர் கைக்குள் விரலை இழுத்துக்கொண்டு பள்ளிக்கு வந்தார்கள். மேலிடத்திலிருந்து மாதிரிப் படத்தோடு ஒரு தாள் வந்திருந்தது. மூன்றாம் வகுப்பு, ஓவியம், தலைப்பு: குளிர்கால விலங்குகள். நல்ல படங்களை வட்டாரப் போட்டிக்கு அனுப்ப வேண்டும்.

மாதிரியில் ஒரு பென்குவின் இருந்தது. மாசிலாமணி அதைக் கரும்பலகையில் இரண்டே நிமிஷத்தில் இறக்கிவிட்டார். பென்குவின் பலகையை விட்டுக் குதித்து வந்துவிடும்போல இருந்தது. வகுப்பில் இருபத்துமூன்று பிள்ளைகள். இருபத்துமூன்று பென்குவின்கள் வந்தன.

பொற்கொடி டீச்சர் வந்து படங்களைப் புரட்டினார். பிள்ளைகளைப் பார்த்துக் கேட்டார்.

"இதை யாரெல்லாம் பார்த்திருக்கீங்க?"

ஒருவன் மட்டும் கை தூக்கினான். "டி.வி.ல பார்த்தேன் டீச்சர். கொசு மருந்து விளம்பரத்துக்கு முன்னாடி வந்துச்சு."

டீச்சர் வேறொன்றும் சொல்லாமல் போய்விட்டார். மாசிலாமணிக்குக் காது சூடேறியது. ஆனால் ஆள் லேசில் விடுகிறவர் இல்லை. அடுத்த வகுப்பில் பலகையில் ஒரு கோடுகூடப் போடவில்லை.

"இன்னைக்கு நீங்களே வரையறீங்க. இந்தக் குளிருல நீங்க உங்க கண்ணால பார்த்த விலங்கு. பார்க்காதது வேண்டாம்."

வகுப்பு கொஞ்ச நேரம் முழித்தது. பிறகு குனிந்தது. அன்றைக்கு அந்த வகுப்பைப் பார்த்திருக்க வேண்டும். டீக்கடை அடுப்புச் சாம்பலில் சுருண்டு கிடக்கும் நாய். அரிசிச் சாக்குக்குள் போன பூனை, வால் மட்டும் வெளியே. ஒரு பையன் தாள் முழுக்க ஒரு மேட்டை மட்டும் வரைந்து வைத்திருந்தான்.

"இது என்னடா?"

"கம்பளி சார். உள்ள எங்க ஆட்டுக்குட்டி இருக்கு."

மாசிலாமணி சிரித்துக்கொண்டே அடுத்த பெஞ்சுக்குப் போனார். அங்கே தர்சினி இருந்தாள். தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டிலிருந்து நடந்து வருகிற பிள்ளை. எண்ணி எண்ணித்தான் பேசுவாள். அவள் ஒரு காட்டெருமை வரைந்திருந்தாள்.

அவர் அப்படியே நின்றுவிட்டார். எட்டு வயசுப் பிள்ளையின் படமா இது! கழுத்துக்குப் பின்னால் அந்தத் திமில், வளைந்த கொம்பு, எதிரில் நிற்பவனை அளந்து பார்க்கிற அந்தப் பார்வை எல்லாமே வந்திருந்தன. இது போட்டிக்குப் போக வேண்டும் என்று அந்த நிமிஷமே முடிவு செய்தார்.

ஒரே குறை. வயிற்றுக்குக் கீழே ஒன்றும் இல்லை. வெறும் வெள்ளைத் தாள். முதுகிலும் அங்கங்கே வர்ணம் பூசாத பொட்டுகள். பிள்ளைக்கு நேரம் போதவில்லை என்று நினைத்தார்.

தர்சினி பிரஷ்ஷைக் கழுவக் குழாயடிக்குப் போயிருந்தாள். மணி அடிக்க ஐந்து நிமிஷம் இருந்தது. அன்று மாலையே படங்களை அனுப்பியாக வேண்டும். மாசிலாமணிக்குக் கை துறுதுறுத்தது. அவருடைய பிரஷ் சட்டைப் பையிலேயே இருந்தது.

நாலு கால் போட நாலு இழுப்புதான். முழங்காலுக்குக் கீழே காட்டெருமைக்கு இருக்கிற வெள்ளைக் காலுறை, அதற்குக் கீழே குளம்பு. அப்படியே முதுகுப் பொட்டுகளையும் பழுப்பு வைத்து அடைத்தார். கச்சிதம். தள்ளி நின்று பார்த்து அவருக்கே மனசு குளிர்ந்தது.

தர்சினி ஈரக் கையோடு திரும்பி வந்தாள். படத்தைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

"இது யாரோடது சார்?"

"உன்னோடதுதான். எப்படி, ஜோரா இருக்கா?"

"என்னோடதுக்குக் கால் இல்ல சார்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. கால் இல்லாத காட்டெருமையா! ஒருவன் பெஞ்சில் நொண்டிக் காட்டினான். மாசிலாமணிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தார்.

அடுத்த வகுப்பில் தர்சினி தாளை வாங்கவில்லை.

"எனக்கு வரையத் தெரியாது சார்."

அதற்கடுத்த வகுப்பிலும் அதையே சொன்னாள். அழவில்லை, கோபப்படவும் இல்லை. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, மற்றவர்கள் வரைவதை வேடிக்கை பார்த்தாள். மாசிலாமணி கெஞ்சினார். புது வர்ணப்பெட்டி ஒன்றை அவள் முன்னால் வைத்தார். அவள் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

மூன்றாவது வாரம் செய்தி வந்தது. வட்டாரப் போட்டியில் முதல் பரிசு, தும்பைமட்டம் தர்சினி வரைந்த காட்டெருமைக்கு. வெள்ளிக்கிழமை விழா.

பள்ளியே கை தட்டியது. தர்சினி எழுந்து நின்று சொன்னாள்.

"நான் போக மாட்டேன். அது நான் வரைஞ்சது இல்ல."

மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் மாசிலாமணி நேராகப் பொற்கொடி டீச்சரிடம் போனார்.

"டீச்சர், நான் கை வச்சிட்டேன்."

"தெரியும்."

"எப்படி?"

"மூணாம் வகுப்புப் பிள்ளை அந்த மாதிரி குளம்பு போடாது சார்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"நீங்க கேட்கலையே."

மாசிலாமணி ஸ்டூலில் உட்கார்ந்தார். "கை வச்சா ஏன்னு சொல்றேன்னீங்க. இப்பச் சொல்லுங்க. நான் என்ன பண்ணணும்?"

டீச்சர் டிபன் பாக்ஸைத் திறந்தார். "கால் ஏன் இல்லைன்னு அவளைக் கேட்டீங்களா?"

"இல்ல."

"தினமும் எப்படி வர்றீங்க?"

"எட்டரை மணி பஸ். வாசல்லயே நிறுத்திடுவான்."

"நாளைக்குக் கீழ் ஸ்டாப்பிங்ல இறங்குங்க. எட்டு மணிக்கெல்லாம். லைன் வீட்டுப் பிள்ளைங்க அங்கிருந்து நடந்துதான் வரும்."

மறுநாள் அவருக்கு வகுப்பே கிடையாது. ஆனாலும் போனார். குல்லாவை இழுத்து விட்டுக்கொண்டு கீழ் ஸ்டாப்பிங்கில் நின்றார். வாயைத் திறந்தால் புகை வந்தது. ஏழெட்டுப் பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு வந்தார்கள். தர்சினி முன்னால் வந்தாள். அவரைப் பார்த்தாள். ஏன் வந்தீர்கள் என்று கேட்கவில்லை.

தேயிலைக்கு நடுவில் ஒற்றையடிப் பாதை. ஏறி ஏறி அவருக்கு மூச்சு வாங்கியது. பாதை ஒரு பள்ளத்துப் புல்வெளியின் ஓரமாகத் திரும்பும் இடத்தில் தர்சினி சட்டென்று அவர் கையைப் பிடித்தாள்.

"நில்லுங்க சார். பேசாதீங்க."

பிள்ளைகள் எல்லோரும் அப்படி அப்படியே நின்றுவிட்டார்கள். அவர்களுக்குப் பழக்கம்.

பள்ளம் முழுக்கப் பனிமூட்டம் பால்போல் தேங்கியிருந்தது. அதன் மேலே ஒரு காட்டெருமை நின்றது. தலை, கொம்பு, முதுகு, வயிறு. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை, வெள்ளைதான். அது ஓர் அடி நகர்ந்தபோது நடந்ததாகவே தெரியவில்லை. அந்த வெள்ளையின் மேல் வழுக்கிக்கொண்டு போனது. அதன் முதுகில் உறைபனி பொட்டுப் பொட்டாக ஒட்டியிருந்தது.

பொட்டுகளை அடைத்தது மாசிலாமணிக்கு நினைவு வந்தது. கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது.

காட்டெருமை ஒருமுறை இவர்களைப் பார்த்துவிட்டு மறுபக்கம் இறங்கி மறைந்தது. தர்சினி கையை விட்டாள்.

"கால் இல்ல," என்றார் மாசிலாமணி.

"நான்தான் சொன்னேன்ல."

"தப்புப் பண்ணிட்டேன் பாப்பா."

"ம்."

கொஞ்ச தூரம் நடந்தார்கள்.

"எல்லாரும் சிரிச்சாங்க," என்றாள் தர்சினி. "நீங்களும் சிரிச்சீங்க."

பள்ளிக்கு வந்ததும் அவர் நடந்ததையெல்லாம் டீச்சரிடம் சொன்னார். "பார்த்துட்டேன் டீச்சர். மன்னிப்பும் கேட்டுட்டேன். ஆனா வரைவியான்னு கேட்டா மாட்டேன்கிறா. இன்னும் என்ன பண்றது?"

"மன்னிப்பு எங்க வச்சுக் கேட்டீங்க?"

"வழியில. நானும் அவளும்தான்."

"சிரிச்சது எங்க?"

மாசிலாமணி எழுந்தார். நேராக மூன்றாம் வகுப்புக்குப் போனார்.

"பிள்ளைங்களா, எல்லாரும் இங்க பாருங்க. தர்சினி காட்டெருமைக்குக் கால் போட்டது நான். முதுகுல பனியை அழிச்சதும் நான்தான். அவ பார்த்ததைப் பார்த்தபடியே வரைஞ்சா. நான் பார்க்காததை வரைஞ்சேன். அப்புறம் சிரிச்சேன். அது தப்பு."

வாத்தியார் தன் தப்பு என்று சொல்லிப் பிள்ளைகள் கேட்டதில்லை. அன்று பெஞ்சில் நொண்டிக் காட்டியவன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"அப்ப அந்தப் பரிசு யாருக்கு சார்?"

மாசிலாமணி இதை யோசிக்கவில்லை. வாசலைப் பார்த்தார். பொற்கொடி டீச்சர் அங்கே நின்றுகொண்டிருந்தார். ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தார். டீச்சர் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தன் வகுப்புக்குப் போய்விட்டார்.

அன்று முழுக்க மாசிலாமணி அதையே சுற்றிச் சுற்றி வந்தார். பேசாமல் இருந்துவிட்டால் பரிசு பள்ளிக்கு வரும். பகுதிநேர வேலை இவருக்கு. வருஷா வருஷம் மேலே இருப்பவர்கள் மனசு வைத்தால்தான் நீடிக்கும். இந்தப் பரிசு வந்தால் மனசு வைப்பார்கள். வாயைத் திறந்தால்? இந்த வேலை அவருக்குப் பிடித்திருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக, சுவரோடு பேசாமல் ஆட்களோடு பேசிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் தர்சினியின் பெஞ்சுக்குப் போய்க் குந்தி உட்கார்ந்தார்.

"வெள்ளிக்கிழமை நீ மேடை ஏற வேண்டாம். கூட மட்டும் வா. போதும்."

அவள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தலையாட்டினாள்.

விழா நாளில் கூடம் நிறைந்திருந்தது. பரிசு பெற்ற படங்களை மேடையில் வரிசையாக ஒட்டியிருந்தார்கள். காட்டெருமை நடுவில், நாலு காலும் பளபளக்க நின்றது. தர்சினி டீச்சருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கமே திரும்பவில்லை.

"முதல் பரிசு, தர்சினி, மூன்றாம் வகுப்பு, தும்பைமட்டம்!"

மாசிலாமணி எழுந்து நடந்தார். எட்டு வயதுப் பிள்ளைகள் நிற்கும் வரிசையில் நாற்பத்தேழு வயது ஆள் ஒருவர் குல்லாவோடு வந்து நிற்பதைப் பார்த்துக் கூடம் சிரித்தது. இவர் சிரிக்கவில்லை. குல்லாவைக் கழற்றினார். மைக்கைக் கேட்டு வாங்கினார்.

"ஐயா, அம்மா, எல்லாருக்கும் வணக்கம். நான் அந்தப் பள்ளி ஓவிய ஆசிரியர். இந்தப் படத்துல நாலு காலும் நான் போட்டது. முதுகுல பனி இருந்துச்சு, அதை நான் அழிச்சிட்டேன். பிள்ளை வரைஞ்சது இதைவிட நல்லா இருந்துச்சு. அது காலையில பனிமூட்டத்துல நிக்கிற காட்டெருமை. கால் தெரியாது. அவ கண்ணால பார்த்தது. நான் கெடுத்துட்டேன். போட்டி விதிப்படி இது செல்லாது. பரிசை வேற பிள்ளைக்குக் கொடுங்க."

சிரிப்பு நின்றது. பின்வரிசையில் யாரோ கை தட்ட ஆரம்பித்து, யாரும் சேராததால் நிறுத்திக்கொண்டார்கள். மேடையில் இருந்த அலுவலர் இவரை ஓரமாகக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான். ஆனால் முகம் கறுத்திருந்தது.

"ஏன் சார், இதை எங்கிட்ட முன்னாடியே தனியாச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"தனியாச் சொன்னா பிள்ளைக்குக் கேட்காதுங்க."

"விளக்கம் எழுதிக் கொடுங்க. வேலை விஷயம் வருஷக் கடைசியில பார்ப்போம்."

"சரிங்க ஐயா."

முதல் பரிசை இரண்டாவதாக வந்த படத்துக்குக் கொடுத்தார்கள். அது ஒரு பென்குவின்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம் இல்லை. வெளியே குளிர், உள்ளே மூச்சுக்காற்று. ஜன்னல் கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. தர்சினி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பின்சீட்டில் டீச்சரும் மாசிலாமணியும். மாசிலாமணி மடியில் விளக்கம் எழுத வேண்டிய வெற்றுத்தாள் கிடந்தது. அவருக்கு உடம்பு ஓய்ந்துபோயிருந்தது. பயமும் இருந்தது. ஆனால் அந்த மேடையில் இன்னொரு முறை ஏறச் சொன்னாலும் ஏறியிருப்பார்.

மூன்றாவது வளைவு தாண்டும்போது தர்சினி தொடைக்கு அடியிலிருந்து ஒரு கையை எடுத்தாள். கண்ணாடியில் விரலை வைத்தாள்.

மாசிலாமணி சீட்டின் நுனிக்கு நகர்ந்தார்.

ஒரு வட்டம் வந்தது. அதற்குக் கீழே உடம்பு. ஒரு கையில் மைக். இன்னொரு கையில் தொங்கும் குல்லா. விரல் ஓரிடத்தில்கூடத் தயங்கவில்லை. நடுவில் ஒருமுறை திரும்பி அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். திரும்பவும் கண்ணாடிக்குப் போய் மூக்கை இன்னும் நீளமாக்கினாள்.

மாசிலாமணிக்குக் கண் நிறைந்தது. துடைத்துக்கொண்டார். துடைத்துவிட்டுப் பார்த்தால் தலை பெரிது, உடம்பு சிறிது, ஒரு தோள் இன்னொன்றைவிட ஒரு சாண் கீழே. அவருடைய வலது கை தானாக எழுந்தது. இடது கையால் அதைப் பிடித்து மடியில் இருந்த தாளின் மேல் அழுத்தினார்.

பொற்கொடி டீச்சர் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"டீச்சர்," என்றார் மாசிலாமணி, தர்சினிக்குக் கேட்காத குரலில். "இனி கை வைக்க மாட்டேன். உயிரே போனாலும் வைக்க மாட்டேன். ஆனா நாளைக்கு அவ தப்பா வரைஞ்சா? தோள் இப்படித்தான் இருக்கும்னு அவளுக்குத் தெரிய வேண்டாமா? கை வைக்காம எப்படித்தான் சொல்லிக்கொடுக்கறது?"

டீச்சர் கண்ணாடியில் இருந்த படத்தைப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்தார்.

"அந்தப் பள்ளத்துக்கிட்ட அவ உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாளே சார், எப்படி?"

மாசிலாமணி தன் கையைப் பார்த்தார். அதைப் பிடித்து நிறுத்திப் பார்க்க மட்டுந்தான் வைத்தாள் அவள்.